மதுரையிலிருந்து கொழும்புக்கு 355 கிலோமீட்டர்: அதற்கு ஏன் ஒரு மணி நேரம்?

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மதுரை – கொழும்பு விமான தூரம் ஒரு தளத்தில் 355 கிலோமீட்டர், இன்னொன்றில் 382 கிலோமீட்டர் என்று இருக்கிறது. பயண நேரம் ஓரிடத்தில் 27 நிமிடம், ஓரிடத்தில் 55 நிமிடம், டிக்கெட்டில் ஒரு மணி நேரம். எதை நம்புவது? வயதான உம்மாவை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப் போகிறேன். சென்னை – யாழ்ப்பாணமும் ஏறக்குறைய இதே தூரம்தானாம், அதற்கு மட்டும் ஏன் ஒன்றேகால் மணி?" கேள்வி கிலோமீட்டரில் தொடங்கினாலும், அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. உம்மா எவ்வளவு நேரம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், கீழக்கரையில் வீட்டுக் கதவை எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதுதான் அது. தூரத்தை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் விமானி இல்லை. விமானம் கிளம்புவதற்கு முன்னால் வழி, எரிபொருள், எடை, வானிலை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு விமானியின் கையில் கொடுக்கும் டிஸ்பேட்ச் வேலையில் பல வருடம் இருந்தவன். இப்போது ஊர்ப் பக்கம் வந்துவிட்டேன். விமானத்துக்குள் நடப்பதை விட, அது எத்தனை நிமிடம் பறக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் தொழில். அந்த அளவுக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

தூரத்தில் சந்தேகமே வேண்டாம். மதுரை விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்கவில் உள்ள பண்டாரநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். எங்கள் கணக்கில் 191 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்). தளத்துக்குத் தளம் ஒரு கிலோமீட்டர் முன்னே பின்னே வரலாம். பூமியைச் சரியான உருண்டை என்று எடுத்துக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு, துருவப் பக்கம் சற்றுத் தட்டையானது என்று எடுப்பவர்களும் உண்டு. அந்த வித்தியாசம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் 382 என்பது அந்த மாதிரி வித்தியாசம் இல்லை. அது மதுரை நகரத்தின் நடுவிலிருந்து கொழும்பு நகரத்தின் நடுவுக்கு எடுத்த அளவு. மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. கட்டுநாயக்க கொழும்பிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நீர்கொழும்புப் பக்கம் இருக்கிறது. இரண்டு முனையும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கியிருப்பதால் விமான நிலையக் கணக்கு குறைகிறது. உங்களுக்கு வேண்டியது 355.

அந்த நேர்கோட்டை நம் மாவட்ட வரைபடத்தின் மேல் போட்டுப் பாருங்கள். மதுரையிலிருந்து தென்கிழக்காக இறங்கி, கமுதியைத் தொட்டு, கடலாடிக்குப் பக்கத்தில் போய், மூக்கையூருக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் கரையைத் தாண்டி, நல்லதண்ணித் தீவை ஒட்டி மன்னார் வளைகுடாவுக்குள் போகிறது. அதாவது நீங்கள் கீழக்கரையிலிருந்து மதுரைக்கு இரண்டரை மணி நேரம் காரில் போய், அங்கே விமானம் ஏறி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பவும் உங்கள் ஊருக்கு மேற்கே உள்ள கரையையே கடப்பீர்கள். அந்த இடத்தில் விமானம் இன்னும் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் கமுதிப் பக்கத்துச் சூரிய மின்தகடுகள் கருநீலத் தார்ப்பாய் விரித்த மாதிரி தெரியும். அப்புறம் தண்ணீர் உள்ள கண்மாயும் இல்லாத கண்மாயும், அதற்கப்புறம் வாலிநோக்கத்து உப்பளப் பாத்திகள், பிறகு கடல். இடது பக்க ஜன்னல் கேளுங்கள். ராமேஸ்வரம் தீவும் அதற்கப்பால் மணல் திட்டுகளும் அந்தப் பக்கம்தான். இது நேர்கோட்டுக் கணக்கு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். விமானங்கள் வான்வழித் தடங்களில், பெயரிட்ட புள்ளிகளைத் தொட்டுத்தான் போகும். சென்னை கட்டுப்பாட்டிலிருந்து கொழும்பு கட்டுப்பாட்டுக்குக் கைமாறும் இடமும் அப்படிக் குறித்த புள்ளிதான். அதனால் பறக்கும் பாதை நேர்கோட்டை விடச் சில கிலோமீட்டர் கூடும். பக்கவாட்டில் எவ்வளவு விலகும் என்பது அன்றைய தடத்தைப் பொறுத்தது.

இப்போது நேரம். 27 நிமிடம் என்று போட்ட தளம் 355ஐ ஏறக்குறைய 800ஆல் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஜெட் விமானத்தின் உச்ச உயரத்து வேகம் மணிக்கு 800, 850 கிலோமீட்டர் என்பது சரி. ஆனால் மதுரை – கொழும்பு போன்ற குறுகிய பயணத்தில் அந்த வேகத்தில் விமானம் பறப்பதே கொஞ்ச நேரம்தான். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேக வரம்பு உண்டு, அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர் வாக்கில். ஏறும்போதும் அதுதான், இறங்கும்போதும் அதுதான். ஏறுவதற்குக் கால் மணி நேரம், இறங்குவதற்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொண்டால், நடுவில் மட்டமாகப் பறக்க மிஞ்சுவது பத்து நிமிடம். சில நாள் அதுவும் இல்லை. நான் பார்த்த வரையில் இவ்வளவு தூரத்துக்கு ஏ320 வகை விமானம் சக்கரம் தூக்கியதிலிருந்து சக்கரம் தொடும் வரை 40 நிமிடம், 45 நிமிடம் எடுக்கும். அடுத்த தளம் சொன்ன 55 நிமிடம், வகுத்து வந்த எண்ணோடு ஏறவும் இறங்கவும் சேர்த்து ஒரு அரை மணி நேரத்தைக் கூட்டிப் போட்டது. கணக்கு முரட்டுத்தனமானது, ஆனால் உண்மைக்கு அதுதான் கிட்டே.

டிக்கெட்டில் உள்ள ஒரு மணி நேரம் வேறு அளவு. அதை நாங்கள் பிளாக் டைம் என்போம். சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்து விமானம் அசையும் நொடியிலிருந்து, இறங்கிய இடத்தில் நின்று மறுபடி கட்டை வைக்கும் நொடி வரை. இதற்குள் டாக்ஸி ஓடுவது, அதாவது விமானம் தரையில் ஊர்ந்து போவது, முழுக்க அடங்கும். மதுரையில் கிழக்கு மேற்காக ஒரே ஓடுபாதை. விமானம் பெரும்பாலும் ஓடுபாதையிலேயே கடைசி வரை ஊர்ந்து போய், அங்கே சுற்றித் திரும்பி நின்றுதான் ஓட்டம் எடுக்கும். அந்த நேரத்தில் வேறொரு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தால் நாம் காத்திருக்க வேண்டியதுதான். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் பைபாஸ் தொடுவதற்கே எவ்வளவு நேரம் எடுக்கிறது, அந்த மாதிரிதான் இதுவும். அந்த ஒரு மணி நேரத்தில் விமான நிறுவனம் கொஞ்சம் இடைவெளியும் சேர்த்தே வைத்திருக்கும். நேரத்துக்கு வந்தது, தாமதமாக வந்தது என்பதெல்லாம் அட்டவணையை வைத்துத்தான் அளக்கப்படுகிறது என்பதால், அட்டவணையை இறுக்கிப் பிடிக்க யாருக்கும் மனம் வராது. அதனால் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது என்று ஆச்சரியப்படவும் வேண்டாம்.

காற்று இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று பலரும் கேட்பார்கள். இவ்வளவு குறுகிய பயணத்தில் மேல்காற்று, அதாவது விமானம் பறக்கும் உயரத்தில் வீசும் காற்று, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் கூட்டாது, குறைக்காது. நேரத்தை மாற்றுவது தரைக்காற்று. ஏனென்றால் விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மதுரையில் மேற்கு முகமாக ஏறும். போக வேண்டியதோ தென்கிழக்கு. ஏறியதும் வளைந்து திரும்ப வேண்டும். கட்டுநாயக்கவின் ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடக்கிலிருந்து வரும் விமானம் பெரிய சுற்று இல்லாமல் இறங்கிவிடும். வடகிழக்குக் காற்று பிடித்த பிறகு, கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில், விமான நிலையத்தைத் தாண்டிக் கடல் பக்கமாகத் தெற்கே போய்த் திரும்பி வந்து இறங்க வேண்டியிருக்கும். இதில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் கூடும். கல்யாணம் எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. டிசம்பர், ஜனவரி என்றால் இந்தச் சுற்றை எதிர்பாருங்கள். உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, "கடல் மேல் திரும்புகிறது, அவ்வளவுதான்" என்று சொன்னால் போதும்.

சரி, யாழ்ப்பாணம். நீங்கள் கேள்விப்பட்டது சரியே. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோட்டில் 356 கிலோமீட்டர், மதுரை – கொழும்பு தூரமேதான். ஆனால் அங்கே பறப்பது ஏடிஆர். காற்றாடி வைத்த டர்போபிராப் விமானம், மட்டமாகப் பறக்கும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் வாக்கில் போகும். வெறும் வகுத்தல் கணக்கில் ஜெட்டுக்கும் அதற்கும் பதினேழு நிமிடம் வித்தியாசம் வரும். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறையும், ஏனென்றால் இந்தத் தூரத்தில் ஜெட்டும் தன் முழு வேகத்தை எட்டுவதில்லை. ஒரு மணிக்கும் ஒன்றேகால் மணிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கியது. 2020இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. திருச்சியிலிருந்தும் 2025 மார்ச் கடைசியில் தொடங்கினார்கள். திருச்சி – பலாலி 184 கிலோமீட்டர்தான், சென்னைத் தூரத்தில் பாதி. ஆனாலும் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்றே இருக்கும். தூரம் பாதியானால் நேரம் பாதியாகாது. ஏறுவது, இறங்குவது, தரையில் ஊர்வது இதெல்லாம் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு, எனக்கும் உண்டு. உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம் இருக்கிறது, ஐ.என்.எஸ். பருந்து. அங்கிருந்து பலாலி நேர்கோட்டில் 130 கிலோமீட்டர் வாக்கில்தான். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் வாக்கில்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ரயில் ஏறி தனுஷ்கோடியில் கப்பல் மாறி தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனவர்களின் பேரன்கள் நாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. இன்றைக்கு விமானத்தில் யாழ்ப்பாணம் போக வேண்டும் என்றால் நாம் முதலில் வடக்கே திருச்சிக்கு நான்கு மணி நேரம் போக வேண்டியிருக்கிறது. ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைப்பதாகத் தமிழக அரசின் 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அது வந்து, அங்கிருந்து கொழும்புக்கும் சேவை கிடைத்தால் என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராமநாதபுரத்திலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 270 கிலோமீட்டர் வரும். ஆகாயத்தில் மிச்சம் ஏழெட்டு நிமிடம்தான். சாலையில் மிச்சமாவதோ போகவர பல மணி நேரம். விமான நிலையம் வேண்டும் என்று கேட்கும்போது நாம் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் ஊரில் வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருப்பார் என்பதால் துபாயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே கதை நேர்மாறு. மதுரை – துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். இந்தத் தூரத்தில் ஏறி இறங்கும் நேரம் சிறு பங்கு, மேல்காற்று பெரிய பங்கு. காற்றே இல்லை என்றால் மட்டமாகப் பறக்கும் வேகத்தில் மூன்றரை மணி நேரம். மணிக்கு 90 கிலோமீட்டர் எதிர்க்காற்று வழி முழுக்க இருந்தால் நான்கு மணி நேரம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் மூன்றே கால் மணி நேரம் கூட ஆகாது. குளிர்காலத்தில் வளைகுடாவுக்கும் நமக்கும் இடையே மேலே மேற்குக் காற்று பலமாக இருக்கும், அதனால் ஊருக்கு வரும் பயணம் சீக்கிரம் முடியும், போகும் பயணம் இழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்குக் காற்று ஓடுகிறது, அப்போது போகும் பயணத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். டிக்கெட்டில் இரு மணிகளையும் கழித்துப் பார்த்து "போக இரண்டரை மணி நேரம், வர ஐந்தரை மணி நேரமா?" என்று குழம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி, துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். கொழும்புக்கு அந்தக் குழப்பம் இல்லை. 2006 முதல் இலங்கையும் நம் மணியில்தான் இருக்கிறது.

எண்களில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூரம் உறுதி. பறக்கும் நேரம் பத்து நிமிட இடைவெளிக்குள் சொல்லலாம். பிளாக் டைம் நிறுவனம் கொடுக்கும் வாக்கு, பெரும்பாலும் நிற்கும். உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கும் என்பது அன்றைக்குக் காலையில்தான் தெரியும், டிஸ்பேட்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படித்தான். அதனால்தான் 40 நிமிடப் பயணத்துக்கு நாங்கள் 40 நிமிட எரிபொருள் ஏற்றுவதில்லை. வழிக்கானது, அதற்கு மேல் சிறு பங்கு எதிர்பாராததற்கு, கொழும்பில் இறங்க முடியாமல் போனால் வேறு விமான நிலையம் போக வேண்டியது, அங்கேயும் போன பிறகு கடைசியாக அரை மணி நேரம் வட்டமடிக்க வேண்டியது, எல்லாம் சேர்த்துத்தான் ஏற்றுவோம். குறுகிய பயணங்களில் வழிக்கு ஆகும் எரிபொருளை விடக் கையிருப்பு அதிகமாக இருப்பது சாதாரணம். இறங்கும் முன் வானத்தில் கொஞ்சம் சுற்றினால் எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உம்மா. விமானத்தில் பெல்ட் விளக்கு அணைந்திருக்கும் நேரம் கால் மணி, இருபது நிமிடம்தான் இருக்கும், அதற்குள் சிப்பந்திகள் தண்ணீரும் ஏதாவது தின்பண்டமும் கொடுத்து வண்டியை எடுக்க வேண்டும். வழியில் கழிவறைக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். விமானம் ஏறக் கூப்பிடுவதற்கு முன்னால், கீழேயே அழைத்துப் போய் வந்துவிடுங்கள். ஏறுவதும் இறங்குவதும் அடுத்தடுத்து வருவதால் காது அடைப்பு நீண்ட பயணத்தை விடச் சற்று அதிகமாகவே தெரியும். வாயில் ஒரு மிட்டாய் போட்டு எச்சில் விழுங்கிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே டாக்டரைப் பார்ப்பது நல்லது. நடக்கச் சிரமப்படுவார் என்றால் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே எழுதிவிடுங்கள். வாசலில் போய்க் கேட்டாலும் கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டி வரலாம்.

வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தை விமானம் புறப்படும் மணியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பன்னாட்டுப் பயணத்துக்கு கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னதாக மூடிவிடும். மூன்று மணி நேரம் முன்னால் வாருங்கள் என்பார்கள், இரண்டரையாவது வைத்துக்கொள்ளுங்கள். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் வழியாக ரிங்ரோடு பிடித்து விமான நிலையம் போக இரண்டரை மணி நேரம். பரமக்குடிக்கு அந்தப் பக்கம் நான்குவழிச் சாலையில் சுலபமாகப் போய்விடலாம், இந்தப் பக்கம்தான் லாரிக்குப் பின்னால் மாட்டினால் நேரம் போகும். வயதானவரோடு போவதால் நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி டீ குடிக்க இருபது நிமிடம், சாலைக்கு அரை மணி நேரம் கூடுதல். ஆக, புறப்படும் மணிக்கு ஆறு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். அந்தப் பக்கம் கட்டுநாயக்கவில் இறங்கி, பெட்டி எடுத்து, கொழும்பு நகருக்குள் போய்ச் சேர விரைவுச்சாலை வழியாக என்றாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து கல்யாண வீடு வரை ஒன்பது மணி நேரம் என்று உம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை, சாப்பாடு எல்லாவற்றையும் அதற்குத் தக்கபடி கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம்.

விமான அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். பயணம் அந்தத் தேதிகளுக்கு அப்பால் என்றால், இன்று டிக்கெட்டில் உள்ள மணியைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.